கறிவேப்பிலை: நம்ம அடுக்களையின் எழுதாத வரலாறு

"வேலை முடிஞ்சதும் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சொல்லாத பெண் நம்ம ஊரில் உண்டா? மாமியார் வீட்டில் இருபது வருஷம் உழைத்தவள் சொல்லியிருப்பாள். சங்கத்தில் ஓடியாடி வேலை செய்து, மேடை போடும்போது மட்டும் பெயர் விடுபட்டவள் சொல்லியிருப்பாள். குழம்பில் மணத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, இலையின் ஓரத்தில் ஒதுக்கப்படுகிற அந்தச் சின்ன இலையை நாம் நமக்கே உவமையாக வைத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு மலரில் அந்த இலையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். ராஜாக்களின் வரலாற்றைக் கல்வெட்டில் வெட்டி வைத்தார்கள். அடுக்களை வரலாற்றை யாரும் வெட்டி வைக்கவில்லை. அது அம்மா கையிலிருந்து மகள் கைக்கு வந்தது. நடுவில் ஒரு தலைமுறை மறந்தால் அதோடு போச்சு. அதனால்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கு.

பெயரும் பழமையும்

சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டு என்று பத்து நீண்ட பாட்டுகள் உண்டு. அதில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ராஜாவைப் பார்க்கப் போகிற பாணனுக்கு, வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்லும். ஓர் இடத்தில், மாதுளம்பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, மணமுள்ள கறிவேப்பிலையைக் கலந்து, பசு வெண்ணெயில் வேகவைத்த கறி வருகிறது. பக்கத்திலேயே மாவடு ஊறுகாயும் வருகிறது. பாட்டில் இருக்கும் சொல் 'கஞ்சகம்'. அதற்குக் கறிவேப்பிலை என்றே உரைகாரர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவள் கையில் வளையல் போட்ட ஒரு பெண் என்றும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று பதம் அறிந்து சமைத்தாள் என்றும் அந்தப் பாட்டே சொல்லுது. அவள் பெயர் இல்லை. ஆனாலும் அவள் கைப்பக்குவம் இத்தனை நூற்றாண்டு தாண்டி நம்ம வரைக்கும் வந்திருக்கு.

அந்தக் காலத்துத் தமிழில் 'கறி' என்றாலே மிளகுதான். நம்ம பக்கம் இன்றைக்கும் 'நல்லமிளகு' என்கிறோமே, அது. மிளகாய் வத்தல் பிறகு, போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் கடந்து வந்த சரக்கு. தக்காளியும் அப்படியே. ஆனால் கறிவேப்பிலை இந்த மண்ணின் சொந்தச் செடி. மலையாளத்தில் கறிவேப்பில, தெலுங்கில் கரிவேபாகு, கன்னடத்தில் கரிபேவு, சிங்களத்தில் கரபிஞ்சா. இந்தியில் மீட்டா நீம், அதாவது இனிப்பு வேம்பு என்றும் சொல்வார்கள். இலை வேப்பிலை மாதிரி இருப்பதால் வந்த பெயர் இது. உண்மையில் வேம்பும் இதுவும் ஒரே குடும்பம் கிடையாது. இது எலுமிச்சை, நாரத்தை குடும்பம். எலுமிச்சையில் வருகிற அதே பச்சைப் புழு கறிவேப்பிலையிலும் வந்து தின்னுவதைப் பார்த்திருப்பீங்க. குடும்ப உறவு புழுவுக்குத் தெரிஞ்சிருக்கு.

தாவர நூலில் இதன் பெயர் 'முறையா கோனிகி'. இப்போது 'பெர்கெரா கோனிகி' என்றும் எழுதுகிறார்கள். கோனிக் என்பவர் ஒரு டாக்டர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸிடம் படித்தவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு, டேனிஷ்காரர்களின் மிஷனுக்கு மருத்துவராக வந்து, இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்தார். அவர் நினைவாகத்தான் அந்தப் பெயர். அவர் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் டாக்டருக்குப் போச்சு. அந்தச் செடியை நூற்றாண்டுக் கணக்காக அரிசி கழுவின தண்ணி ஊற்றி வளர்த்த பெண்களின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

நாஞ்சில் நாட்டு அடுக்களையில்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைச் சேர்த்து நாஞ்சில் நாடு என்கிறோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம். பேச்சு தமிழ், சமையலில் பாதி மலையாளத்துக்காரருக்கும் நமக்கும் பொது. மதுரைப் பக்கம் ரசத்திலும் குழம்பிலும் மல்லித்தழை மிதக்கும். நம்ம பழைய சமையலில் மல்லித்தழைக்கும் புதினாவுக்கும் அவ்வளவு இடம் கிடையாது. மணத்துக்கு நமக்கு ரெண்டே பேர்: தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. அவியல், துவரன், எரிசேரி, புளிசேரி, தீயல், மீன்கறி, மரச்சீனி மயக்கியது எதை எடுத்தாலும் இந்த ரெண்டும் உண்டு.

இந்த இலையை எப்போது போடணும் என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கு. நம்ம பாட்டிமார் அதை மூணு விதமாக வைத்திருந்தார்கள்.

முதலாவது தாளிதம். சூடான எண்ணெயில் கடுகு வெடித்ததும் இலை படபடவென்று பொரியும். இலைக்குள் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் இருக்கு. இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சூட்டில் அது உடைந்து மணம் எண்ணெயில் இறங்குது. மணம் தண்ணீரை விட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதனால்தான் தாளித்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் குழம்பில் வழித்து ஊற்றுகிறோம். ஜெர்மனியில் 2015-இல் வந்த ஓர் ஆய்வு, கறிவேப்பிலைக்கே உரிய அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் என்று கண்டுபிடிச்சது. வெங்காயம், பூண்டு மணத்துக்குப் பின்னாலும் கந்தகம்தான் இருக்கு. உள்ளியும் கறிவேப்பிலையும் சேர்ந்தால் தெரு முனை வரைக்கும் மணப்பது சும்மா இல்லை.

ரெண்டாவது பச்சை இலை. அவியலை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு, பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே சுற்றி ஊற்றி, ஒரு கொத்து இலையை உருவிக் கசக்கிப் போட்டு உடனே மூடி விடணும். அஞ்சு நிமிஷம் கழித்துத் திறந்தால் வருகிற மணம், தாளிச்ச மணம் கிடையாது. அது வேற ஒரு பசுமையான மணம். அவியலில் கடுகு தாளிக்கிறவளைப் பார்த்து, "நீ எந்த ஊரு மக்ளே?" என்று கேட்கிற ஆத்தாமார் இன்றைக்கும் உண்டு.

மூணாவது வறுத்து அரைப்பது. தீயலுக்குத் தேங்காயை வறுக்கும்போது மல்லி, மிளகாய் வத்தலோடு ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் போட்டு, எல்லாம் சேர்ந்து தவிட்டு நிறம் ஆகும் வரை வறுத்து, வெண்ணெய் போல அரைக்கணும். அப்போது இலையை ஒதுக்கி வைக்க வழியே இல்லை. முழுசாக வயிற்றுக்குள் போகும்.

துவையலும் இந்த மூணாவது வகைதான். ரெண்டு கை இலை, நாலு மிளகாய் வத்தல், ஒரு ஸ்பூன் உளுந்தம்பருப்பு, கோலிக்குண்டு அளவு புளி, கால் மூடி தேங்காய், உப்பு. பருப்பையும் வத்தலையும் தேங்காய் எண்ணெயில் வறுத்து எடுத்து, அதே சூட்டில் இலையைப் போட்டு வதக்கி, எல்லாத்தையும் கெட்டியாக அரைத்தால் போதும். கஞ்சிக்கு இதை விட நல்ல கூட்டு கிடையாது. குழம்பு வைக்கக் காய் வாங்க முடியாத நாளில் எத்தனையோ வீட்டில் மானத்தைக் காப்பாற்றியது இந்தத் துவையல்.

மருந்தும் எண்ணெயும்

சித்த மருத்துவத்தின் குணபாடத்தில் கறிவேப்பிலைக்கு இடம் உண்டு. வாயில் ருசி இல்லாமல் போவது, வயிற்று உளைச்சல், நாள்பட்ட சுரம், பித்தம் ஆகியவற்றுக்கு நல்லது என்று சொல்லியிருக்கு. நம்ம வீடுகளில் படிக்காத பெண்களும் இதைச் செய்து வந்தார்கள். காய்ச்சல் விட்டுச் சோறு இறங்காதவருக்கு நல்லமிளகும் கறிவேப்பிலையும் வறுத்து அரைத்த குழம்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, நல்லமிளகோடு அதே குழம்பு. வயிறு சரியில்லை என்றால் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். தலைக்கு, கையாந்தகரையோடும் செம்பருத்தியோடும் காய்ச்சின தேங்காய் எண்ணெய்.

சத்து விஷயத்தில் உள்ளதை உள்ளபடி பேசுவோம். 100 கிராம் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. அதே அளவு பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடம்பு மாற்றிக்கொள்ளும் கரோட்டினும் நிறைய உண்டு. இதைக் கேட்டதும், பால் வேண்டாம் கறிவேப்பிலை போதும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஒரு குழம்புக்கு நாம் போடுவது ரெண்டு, மூணு கிராம்தான். அதையும் தட்டு ஓரத்தில் ஒதுக்கி விடுகிறோம். இலையில் இருக்கிற ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பங்கை உடம்பில் சேர விடாது. அதனால் சத்து வேணும்னா துவையலாக, பொடியாக, முழு இலையையும் அரைத்துச் சாப்பிடணும். பால், பயறு, மீனோடு இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாகணும். கறிவேப்பிலை தின்றால் சர்க்கரை நோய் போய்விடும், நரை கருத்துவிடும் என்று செல்போனில் நிறைய வருது. அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நம்ம குழுக்களில் எண்ணெய் காய்ச்சி விற்கிறவர்களும் பாட்டிலின் மேல் அப்படி எழுதக் கூடாது. நல்ல சரக்குக்குப் பொய் தேவையில்லை.

வேலி தாண்டின இலை

கறிவேப்பிலையை விலை கொடுத்து வாங்குவது ஒரு காலத்தில் கேவலமாக இருந்தது. அங்கணத்துத் தண்ணி போய் விழுகிற இடத்தில் ஒரு மூடு நிற்கும். இல்லாதவள் பக்கத்து வீட்டில் போய் ஒடிச்சுக்கிடுவாள். "ரெண்டு கொத்து கறிவேப்பிலை ஒடிச்சுக்கிடட்டுமா மைனி?" என்று கேட்டால் இல்லை என்று சொன்னவர் கிடையாது. திருடி வைத்த கன்றுதான் நன்றாக வளரும் என்று ஒரு பேச்சும் இருந்தது. கேட்டு வாங்கக் கூச்சப்பட்டவளுக்காக எவளோ ஒருத்தி உண்டாக்கின பேச்சாக இருக்கலாம்.

ஆனால் இந்த இலை எல்லார் வேலியையும் தாண்டியது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இலை தாண்டிய இடத்தில் ஆள் தாண்ட முடியாத காலம் இருந்தது. எந்தச் சாதிக்காரர் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணி கோரலாம் என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்த நாடு திருவிதாங்கூர். மேலாடை போடுவதற்கே நம்ம பக்கத்துப் பெண்கள் போராட வேண்டி இருந்தது. 1859-இல்தான் அதற்கு ஓரளவு வழி பிறந்தது. கோயில் வாசல் 1936 நவம்பர் 12-இல் ராஜாவின் அறிவிப்பால் திறந்தது. அடுக்களை வாசல் திறக்க அதைவிட ரொம்ப நாளாச்சு. ஒரே செடியின் இலையைப் போட்டுக் குழம்பு வைத்தாலும், ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி தொடமாட்டாள் என்ற காலம் அது. இன்றைக்கு நம்ம கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரே பந்தலுக்கு அடியில் எல்லாத் தெருப் பெண்களும் சேர்ந்து அரிகிறோம், அரைக்கிறோம், பரிமாறுகிறோம். நம்ம வரலாற்றில் இதையும் சேர்த்துத்தான் எழுதணும்.

கடல் தாண்டின இலை

வேலி தாண்டின இலை கடலையும் தாண்டியது. வெள்ளைக்காரர் காலத்தில் கரும்பு, காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம்ம ஜனங்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். தென் திருவிதாங்கூரிலிருந்தும் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் போன தமிழர்களின் பிள்ளைகள் பலர் காலப்போக்கில் தமிழ்ப் பேச்சையே மறந்துவிட்டார்கள். ஆனால் மொரீஷியஸில் இந்த இலைக்கு இன்றைக்கும் பெயர் 'கரிப்புலே'. ரீயூனியனில் 'கலுப்பிலே'. வாயில் போட்டுச் சொல்லிப் பாருங்க, நம்ம கறிவேப்பிலைதான். மொழி போன பிறகும் அடுக்களையில் ஒரு சொல் தங்கிவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-இல் முதல் கூலிகளை இறக்கியது. அவர்கள் வம்சத்தார் வீட்டு முற்றங்களில் இன்றும் கறிவேப்பிலை மரம் நிற்குது. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பினை குறைவு. பெட்டியில் பச்சை இலை வைத்தால் விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டு விடுவார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சி இந்த இலையில் தங்கும் என்பதுதான் காரணம்.

கொசுறு ஆன கதை

முற்றம் சிமெண்டு தளம் ஆனது. அங்கணம் போய்க் குழாய் வந்தது. வீட்டு மனை சின்னதாச்சு. கறிவேப்பிலை மூடு நின்ற இடத்தில் தண்ணித் தொட்டி நிற்குது. அதன் பிறகு இலை சந்தைக்கு வந்தது. வடசேரி சந்தையிலும் அப்டா மார்க்கெட்டிலும் காய் வாங்கினால் ஒரு கொத்து கொசுறாகப் போடுவார்கள். காசு இல்லாமல் வந்ததால் அது எங்கிருந்து வருது என்று நாம் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் மாவட்டத்துக் காரமடை போன்ற இடங்களில் இப்போது ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை சாகுபடி நடக்குது. வேலிப் பக்கம் ஒற்றையாக நிற்கிற மூட்டில் பூச்சி குறைவு. ஒரே செடியை நெருக்கமாக வைத்தால் பூச்சி கூடும், மருந்தும் கூடும். இலையில் ஓட்டை இருந்தால் நாம் வாங்க மாட்டோம் என்பதும் மருந்து அடிக்க ஒரு காரணம். திருவனந்தபுரம் பக்கத்து வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் சந்தைக் காய்கறிகளைச் சோதித்தபோது, கறிவேப்பிலையில் பூச்சிமருந்து மிச்சம் இருப்பது பல தடவை தெரிய வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையைத் தனிச் சோதனைப் பட்டியலில் வைத்தது. வருகிற சரக்கில் பாதியைச் சோதிக்கணும் என்று கூட விதி இருந்தது. வெளிநாட்டுக்காரன் சோதித்துத் தின்னுகிறான். நாம் கொசுறு தானே என்று கழுவாமலே தாளிக்கிறோம்.

வாங்கித்தான் ஆகணும் என்றால், புளி கரைத்த தண்ணீரிலோ வினிகர் கலந்த தண்ணீரிலோ 10 நிமிஷம் ஊறப்போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசணும். இலையின் மேலே இருப்பது ஓரளவு போகும். உள்ளே இறங்கினது போகாது. ஆகவே நிரந்தர வழி ஒன்றுதான்.

மறுபடியும் வீட்டு வாசலுக்கு

வீட்டுக்கு ஒரு மூடு. இடம் இல்லாதவர்களுக்கு ஒரு பெரிய தொட்டி போதும். விதை போட நினைத்தால், கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்துச் சதையை நீக்கி அன்றைக்கே ஊன்றணும். காய வைத்த விதை முளைக்காது. பெரிய மூட்டின் வேரிலிருந்து முளைக்கிற கன்றைப் பெயர்த்து வைப்பது இன்னும் சுலபம். நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பூ வந்தால் கிள்ளி விட்டால் இலை கூடும். இலையை ஒவ்வொன்றாக உருவாமல் கொத்தாக ஒடிக்கணும். புளித்த மோரில் தண்ணி கலந்து ஊற்றுவது நம்ம பாட்டிமார் வழக்கம். பறவை எச்சம் மாதிரி ஒன்று இலையில் ஒட்டி இருந்தால் குச்சியால் தள்ளிப் பாருங்க. எச்சம் நகர்ந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையாலே எடுத்துப் போடலாம், மருந்து வேண்டாம்.

குழுவாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 கிலோ பச்சை இலையில் 600 கிராமுக்கு மேல் தண்ணிதான். காய வைத்தால் 350, 400 கிராம் வரைக்கும் நிற்கும். பொடிக்கு விலை வைக்கும்போது இதை மறந்தால் நஷ்டம். வெயிலில் காயப்போட்டால் நிறமும் மணமும் போகும், நிழலில் உலர்த்தணும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தயாரித்த தேதி போட்டு விற்கணும். உருவுகிறவள், உலர்த்துகிறவள், வறுக்கிறவள் எல்லாருடைய கூலியும் விலையில் ஏறணும். நம்ம கை வேலையை நாமே கொசுறாகப் போட்டால் அடுத்தவன் எப்படி விலை கொடுப்பான்?

தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது, வாரம் ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் சேர்த்து என்ன ஆகப்போகுது என்று சிரித்தவர்கள் உண்டு. சின்னதைச் சின்னது என்று ஒதுக்காமல் சேர்த்ததால்தான் இன்றைக்கு வங்கி மேனேஜர் நமக்கு நாற்காலி போடுகிறார். சோற்று இலையின் ஓரத்தில் கிடக்கிற இந்தச் சின்ன இலைக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் மூத்த பெண்கள் ரெண்டு பேரிடமாவது உட்கார்ந்து, அவர்கள் கைப்பக்குவத்தை அவர்கள் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வாங்கணும். அடுத்த ஆண்டு மலருக்கு அதையே கட்டுரையாகக் கொடுங்க. இந்த மழைக்கு முன்னால் கன்றும் வைத்து விடுங்க.